டிவி கேமுக்கும் ஒரு பாடு

கடிதம் மகன் பேருக்குத்தான் வந்திருந்தது. அவன் கல்லூரிக்குப் போயிருந்ததால் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். நானும் படித்தவள்தான், பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்தான். ஆனாலும் மூன்றாவது வரியில் சட்ட நடவடிக்கை என்று பார்த்தபிறகு மீதி எழுத்து எதுவும் கண்ணில் நிற்கவில்லை.

விஷயம் இதுதான். இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காத பழைய வீடியோ கேம்களைத் தேடிச் சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று மகன் இணையத்தில் ஒரு பக்கம் திறந்து வைத்திருக்கிறான். அவை எங்களுடையவை, பத்து நாளுக்குள் நீக்காவிட்டால் உன் கல்லூரிக்கும் எழுதுவோம் என்று எங்கோ இருக்கிற ஒரு கம்பெனி சொல்கிறது.

சாயங்காலம் அவன் வந்ததும் நான் பேசியதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவன்தான் பொறுமையாகப் பேசினான்.

"ம்மா, இத செஞ்ச கம்பெனிய மூடி எத்தினியோ வருசமாச்சு. அத வாங்குன கம்பெனிய வாங்குனவங்க இவங்க. இவங்களும் விக்கிறது இல்ல. காசு குடுக்குறேன்னாலும் கெடைக்காது. அதும்பாட்டுக்கு அழிஞ்சி போவட்டும்னு உட்டுடுவாங்க, எவனாச்சும் எடுத்து வெச்சா மட்டும் எங்களுதுன்னு வருவாங்க."

"அது அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போவுது. உன் படிப்பு அழியக் கூடாது" என்றேன்.

அவன் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தான். நான் நாற்காலிக்குப் பின்னால் நிற்க, ஒவ்வொன்றாக நீக்கினான். கடைசியாக ஒன்றை நீக்குவதற்குமுன் திறந்து காட்டினான். நீலத் திரையில் ஓர் ஆள் முத்துக் குளிக்க இறங்கிக்கொண்டிருந்தான். அவன் வாயிலிருந்து குமிழ்கள் மேலே போயின. அந்த ஆளை எனக்குத் தெரியும்.

"நீயே சொல்லும்மா. எத்தினி வருசம் கழிச்சி இது எல்லாருக்கும்னு ஆவணும்? ஆவவே கூடாதா?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி அங்கிருந்து வந்துவிட்டேன். இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. வாசலில் தபால்காரர் வண்டி நின்றால் இன்னும் அவனுக்குமுன் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். அவன் மறுபடி கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் பிறந்த கோட்டைக்குப்பத்தில் முதல் டிவி கேம் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. கொண்டுவந்தவர் என் தாய்மாமா. சென்னையில் டிவி பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். யாரோ சரிசெய்யக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்க வராத பெட்டி அது. "ஒரு வருசமா ஒருத்தனும் வர்ல. இனிமே இது நம்மளுது" என்றார். அதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் இருக்கவில்லை.

பெட்டியோடு ஒரே ஒரு கேசட். முத்துக் குளிக்கிற ஆட்டம். இரண்டே நாளில் தெருப் பிள்ளைகள் மொத்தமும் எங்கள் கூடத்தில்தான். "தம்பி, இது வூடா, மீன் ஏலம் போடுற எடமா?" என்று அம்மா கத்த ஆரம்பித்தாள். மாமா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். இனிமேல் பாடு முறைதான் என்றார்.

பாடு என்றால் எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். பழவேற்காடு ஏரியில் நல்ல இறால் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று ஊர்கூடிச் சீட்டெடுத்து வைத்திருப்பார்கள். உன் பாடு வருகிற அன்று அந்த இடத்துக்கு நீதான் ராஜா. நாள் முடிந்ததா, வலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். அடுத்த நாள் இன்னொருவருக்கு. ஏரியை வாங்கினவனும் இல்லை, விற்றவனும் இல்லை. முறை மட்டும்தான் ஒருவனுக்குச் சொந்தம், அதுவும் அந்த ஒரு நாளைக்கு.

வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் டிவி முன்னால் அடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்து சீட்டெடுத்தோம். மாமா பேர்களை நோட்டில் வரிசையாக எழுதினார். "எல்லாரு பேரையும் எழுதியாச்சு" என்று மூடினார். கூடவே ஒரு புளுகையும் சேர்த்துவிட்டார். நோட்டில் பேர் இல்லாத ஆள் தொட்டால் கம்பெனிக்காரன் உள்ளே வைத்திருக்கிற ஏற்பாட்டில் பெட்டி தானாக அணைந்துவிடுமாம். அக்கம்பக்கத்து ஊர்ப் பையன்கள் வந்து விழாமல் இருக்கச் சொன்னது. நாங்கள் நம்பினோம்.

ஊருக்கு வெளியே, ஏரி ஓரமாகக் கொஞ்சம் குடிசைகள் இருந்தன. வலை இல்லாமல் சேற்றில் கையால் துழாவியே இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பங்கள். அவர்களுக்கு ஏரியில் பாடு கிடையாது. வலையே இல்லாதவர்களுக்குப் பாடு எதற்கு என்பார்கள் ஊரில். அங்கிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு நண்டு கொண்டுவருவாள். அம்மா நண்டைக் கழுவி எடுத்துக்கொண்டு சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்வரை வாசற்படியில் நின்று ஆட்டத்தைப் பார்ப்பாள். மாமா அவளை விரட்டியதில்லை. நோட்டில் எழுதவும் இல்லை. அவருக்குத் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் என் முறை. பக்கத்து லைட்ஹவுஸ் குப்பத்தில் புது ஃபைபர் படகைத் தண்ணீரில் இறக்குகிறார்கள் என்று மாமா உட்பட எல்லாரும் போய்விட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்து மூன்றாவது கட்டத்தில் செத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டத்தில் தண்ணீர் கலங்கித் திரை முழுக்கக் கறுத்துவிடும். சுறா வருகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். ஊரில் ஒருவரும் அதைத் தாண்டியதில்லை. மாமாவே தாண்டியதில்லை.

"அதான் ஒண்ணும் தெர்லியே. கண்ண இன்னாத்துக்குத் தொறந்து வெச்சிக்கினு கீற?" என்றாள் நண்டு கொடுக்க வந்து வாசற்படியில் நின்றிருந்த அந்தப் பெண்.

"நீ வந்து ஆடேன், பாக்கலாம்."

"தொட்டா அணைஞ்சிடும்னாரே உங்க மாமா."

"அணைஞ்சா அணையட்டும். ஆடு."

பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டி அணையவில்லை. முதல் தடவை செத்தாள், இரண்டாவது தடவையும் செத்தாள். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கட்டைவிரலை மட்டும் அசைத்தாள். கலங்கின தண்ணீரில் எதையும் பார்த்துப் பிடிக்க முடியாது என்பது அவளுக்கு அன்றாடம். திடீரென்று திரை வெளிச்சமானது. ஒரு குகை, நிறைய முத்து, ஏதோ பாட்டு. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

அப்புறம் திரையில் மூன்று எழுத்துக்கு இடம் விட்டு மூன்று கோடுகள் வந்தன.

"இன்னா கேக்குது?"

"ஜெயிச்சவங்க பேரு."

"போடு."

அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. நான் என் பேரின் முதல் மூன்று எழுத்தைப் போட்டேன். என் முறை, என் வீட்டு டிவி, நோட்டில் இருந்தது என் பேர்.

"போட்டியா?"

"ம்."

"அணைக்காத. எங்கம்மாவ இட்டாறேன்" என்று ஓடினாள்.

அவளுக்குமுன் மாமா வந்துவிட்டார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலுக்குப் போய்த் தெருவையே கூப்பிட்டார். அரைமணி நேரத்தில் கூடம் நிரம்பியது. ஏரியிலிருந்து வந்த நைனா ஈர லுங்கியோடு நின்று, "எம் பொண்ணா? நெசமாவா?" என்று நாலு பேரிடம் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு இடமே கிடைக்கவில்லை என்று எழுத ஆசைதான். நிறைய இடம் இருந்தது.

அப்போது அவள் தன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் வாசற்படியிலேயே நின்றார்கள். "அதோ பாரும்மா, அதான் எம் பேரு."

ஒரு பையன் சிரித்தான். "அய்ய, அது இவ பேரு."

"நாதான் ஆடுனேன். அத கேளு" என்று என்னைக் காட்டினாள்.

மாமா என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, அது சொல்றது?"

"அவ பேரு நோட்டுல இல்லியே மாமா" என்றேன்.

அது பொய்கூட இல்லை. கூடம் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "வாடி, ஏரில தண்ணி ஏறிடும்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கம்பெனியின் கடிதத்தைப் போன வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. செய்தவர்கள் யாரோ, ஆடியவர்கள் யாரோ, எழுதியிருக்கிற பேர் எங்களுடையது என்கிறது. மகனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் எல்லாருக்கும் என்று ஆக வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். செய்தவனுக்கு அவன் பாடு வேண்டும், நல்ல பாடாகவே இருக்கட்டும். அது முடிந்தபிறகும் வலையைத் தூக்காமல் நின்றால் எங்கள் ஊர் விடாது. இவ்வளவு தைரியமாகச் சொல்லிவிடலாம். எல்லாருக்கும் என்கிற சொல் வரும்போதுதான் எனக்கு நாக்குத் தடுமாறுகிறது. மாமாவும் எல்லாருடைய பேரையும் எழுதியாயிற்று என்றுதான் சொன்னார்.

கூடம் சிரித்ததற்கு மறுநாள் காலையில் மாமா என்னை உட்காரவைத்து மூன்றாவது கட்டத்தை ஆடச் சொன்னார். செத்தேன். இன்னொரு தடவை ஆடச் சொன்னார். அதிலும் செத்தேன். நோட்டைத் திறந்து கடைசிப் பேருக்குக் கீழே பேனாவை வைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு பேரு இன்னாக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"நண்டு கொண்டாற பொண்ணா? பேரு தெர்லியே" என்றாள் அம்மா. நைனாவுக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

"போயி கேட்டுக்கினு வா. நாளைக்கு அதும் பாடுன்னு சொல்லு."

எனக்குப் பெரிய சந்தோஷம். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஓடினேன். அவள் இடுப்பளவுத் தண்ணீரில், பிடித்த இறாலைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தாள். கரையில் நின்று கத்தினேன். "உம் பேரு இன்னா? மாமா நோட்டுல எழுதணுமாம். நாளைக்கு நீ ஆடலாமாம்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டாள். மறுபடி கேட்டேன், இன்னும் சத்தமாக. அவள் நிமிரவில்லை.

வாயில் பறி இருக்கிறது, எப்படிப் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவிடமும் அப்படியே போய்ச் சொன்னேன்.