இடப்பக்கம் அடிக்காதவர்

முட்டத்திலிருந்து மீன் கொண்டுவரும் செவத்தியாள் கூடையை இறக்காமலே வாசலில் நின்றாள். "அம்மா, நம்ம கிளமெண்டு போயிட்டாரு. காய்ச்சலு வுடல்ல" என்றாள். சரி என்றேன். அடுப்பில் பால் இருந்தது, இறக்கி வைத்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

போர்க்காலத்தில் பட்டாளத்தில் குத்துச்சண்டை பழகி, ஊர் திரும்பிக் கடல்தொழிலுக்கே போனவர் கிளமெண்ட். என் கடைசி மகன் அருளோடு பயிற்சி செய்ய நாகர்கோவிலுக்கு வருவார். அந்த விளையாட்டை நான் விரும்பியவள் அல்ல. ஆனால் அவர் ஆடும் ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. எதிராளியின் கையை அவர் பார்ப்பதே இல்லை. "கை பொய் சொல்லும்மா. குத்துக்கு முன்னால குதிங்கால் தரைய வுட்டுப் பொங்கும், மூச்சு நிக்கும். அதப் பாத்தாப் போதும்" என்பார். அருள் குத்தப் போவது அருளுக்கே தெரியும் முன்பு அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம் இருவரும் இறுதிப்போட்டியில் மோதினார்கள். வென்றவர் திருவனந்தபுரத்தில் சமஸ்தானப் போட்டிக்குப் போகலாம். இரண்டாம் சுற்றில் கிளமெண்ட் வலது கையை மெல்ல உயர்த்தி அருளின் இடக்கண்ணுக்குப் பக்கமாகக் கொண்டுபோனார். அருள் இமைக்கவில்லை. அதன்பின் அவர் அந்தப் பக்கம் அடிக்கவே இல்லை.

"லேய் கிளமெண்டு, வலது கைய வள்ளத்துல வச்சிட்டு வந்தியா?" என்று கூட்டத்தில் கேலி செய்தார்கள்.

அருள் வென்றான்.

மறுநாள் காலை கிளமெண்ட் வீட்டுக்கு வந்தார். "அருளுக்கு எடதுபக்கம் தெரியல்லம்மா. திருவனந்தபுரத்துக்கு வுடாதிய. அங்க உள்ளவன் கண்டா வுடமாட்டான்."

அருள் எழுந்து நின்றான். "தோத்தது பொறுக்கல்லியாலே ஒனக்கு?"

"பொறுக்கல்ல மக்கா. எனக்க வலது கைய நீ கண்டியா? அத மட்டும் சொல்லு."

நான் அருளின் இடப்பக்கம் போய் நின்று காபித் தம்ளரை நீட்டினேன். அவன் கிளமெண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். தம்ளர் என் கையிலேயே இருந்தது.

இடக்கண்ணின் ஓரப்பார்வை போய்விட்டது, இன்னொரு அடி விழுந்தால் மிச்சமும் போகும் என்றார் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர். அருள் குத்துச்சண்டையை விட்டான். கிளமெண்டோடு பேசுவதையும் விட்டான்.

"நீங்கள் அடித்து வென்றிருக்கலாமே" என்று பின்னொரு நாள் அவரிடம் கேட்டேன்.

"கண்டுட்டேம்மா. கண்ட பொறவு எப்பிடி அடிக்க?" என்றார். அருளைப் பற்றியும் அவரே சொன்னார்: "பேசுவான். இப்பம் மூச்சப் புடிச்சிட்டு நிக்கான்."

நல்லடக்கத்துக்கு அருள் தானாகவே என்னோடு வந்தான். மாதா கோயிலில் பெட்டியை எங்களுக்கு இடப்பக்கமாகக் கொண்டுவந்தார்கள். அவனுக்குத் தெரியாதே என்று அவன் கையைத் தொடப் போனேன். அதற்குள் அவன் உடம்போடு திரும்பி, முகத்தை முழுவதும் அந்தப் பக்கம் கொடுத்து நின்றான். பெட்டி வாசல் தாண்டும்வரை அப்படியே நின்றான்.

போய் வாருங்கள், கிளமெண்ட். அவன் உங்களைப் பார்த்துவிட்டான்.