மாமா குரைத்த மண்டபம்

என் மாமாவுக்கு நாய் போலக் குரைக்கத் தெரியும் என்பது எனக்கு எட்டு வயதாகும்வரை தெரியாது. பழைய மொன்றியல் என்கிற பகுதியில், ஓர் இரும்பு ஆணிகூட அடிக்காமல் கட்டிய மண்டபம் ஒன்றில், பத்துப்பேர் பார்க்க அவர் குரைத்தார். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்றும் அன்றைக்கு அங்கே நடந்தது. அது மட்டும் என் கண்ணில் படவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நகரத்தின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்துகொண்டு சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தார். நாற்பது வயது எட்டிப்பார்க்கத் தொடங்கியும் கல்யாணம் ஆகவில்லை. அதுவரை பெண் பார்த்ததெல்லாம் கோயிலில். பூசை முடிவதற்குள் விஷயம் நகரத்துத் தமிழ்ச் சமையலறைகளுக்கெல்லாம் போய்விடும். பிறகு வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் கோயிலுக்கு வர வெட்கம், சொல்லக் கேட்டவர்களுக்கும் வெட்கம். மாமா இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டார். அம்மா கெஞ்சிக் கூத்தாடி இதுதான் கடைசி என்று சம்மதிக்க வைத்தார்.

இந்த முறை அம்மா தமிழரே எட்டிப்பார்க்காத இடமாகத் தேடிப்பிடித்தார். இரண்டு பக்கமும் தற்செயலாக வருவதுபோல வரவேண்டும், தற்செயலாகக் கதைக்கவேண்டும். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தனி ஆளாக ஒரு மனிதன் போய் நின்றால் தற்செயல்போலத் தெரியாது என்பதால் கூடவே பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். அப்படித்தான் எனக்கும் ஐந்து வயதுத் தம்பிக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை வாய்த்தது. எங்கள் வாயில் எதுவும் தங்காது என்று தெரிந்த அம்மா, மாமா உங்களுக்குப் பழைய மரமண்டபம் காட்டப்போகிறார் என்பதோடு நிறுத்திக்கொண்டார். நான் அதை அப்படியே நம்பினேன்.

என்ன மண்டபம் அது. அந்தக் காலத்துத் தச்சர்கள் சங்கமாகச் சேர்ந்து தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. உள்ளே போனதும் தலைக்குமேல் உத்தரங்கள், உத்தரங்களைத் தாங்கும் தூண்கள், தூண்களுக்கு முட்டுக்கொடுக்கும் சாய்மரங்கள். எல்லாம் வெட்டிப் பொருத்தி மரமுளையால் இறுக்கியவை. பலகைத் தரை அடிக்கு அடி ஒவ்வொரு விதமாக முனகியது. வழிகாட்டிப் பெண் எனக்கு ஒரு டார்ச் தந்து, எந்த மரம் எதோடு பொருந்தும் என்று தச்சர்கள் உளியால் கொத்திவைத்த அடையாளங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னாள். நான் தரையில் படுத்தும் தூணைக் கட்டிப்பிடித்தும் தேடினேன். ஒன்று அகப்படும்போதெல்லாம் மாமாவைக் கூப்பிட்டேன். மாமாவோ புதுச் சட்டையும் புதுச் சப்பாத்துமாக வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கூரையடியில் மரங்களை மேலே தூக்கும் பெரிய சக்கரம் ஒன்று இருப்பதாகவும், மணி அடித்ததும் சின்னச் சின்னக் கூட்டமாக ஏற்றிக் காட்டுவார்கள் என்றும் வழிகாட்டி சொன்னாள். அந்தச் சக்கரத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அப்போதுதான் ஒரு தமிழ் அக்கா தன் அண்ணியோடு உள்ளே வந்தார். அண்ணி உடனே பிரெஞ்சு அறிவிப்புப் பலகையை வாசிக்கப் போனார். வெளியே போகும்வரை அதையேதான் வாசித்தார். அக்காவும் மாமாவும் ஒரு தூணின் இரண்டு பக்கமும் நின்று, தூணோடு கதைப்பதுபோலக் கொஞ்சம் கதைத்தார்கள். பிறகு பேச்சு நின்றுவிட்டது. மாமா நேரம் பார்த்தார்.

மணி அடித்தது. நான் படிக்கட்டுக்கு ஓடினேன். பின்னால் தம்பி வீறிட்டான். கீழ்ப்படியில் நின்று கைப்பிடிச் சட்டங்களுக்கு நடுவே தலையை விட்டவன், எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டான். மாமா பாய்ந்து வந்து இழுத்தார். காது தடுத்தது. கூட்டம் கூடியது. வழிகாட்டி தீயணைப்புக்காரரைக் கூப்பிடவேண்டும் என்றும், அவர்கள் சட்டத்தை அறுக்கவும் கூடும் என்றும் முகம் வெளிறிப் பிரெஞ்சில் சொன்னாள். நான் அதைத் தமிழில் சொன்னதும் மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"இழுக்காதேங்கோ," என்றார் அக்கா. "நான் கார்ட்ரியில சின்னப் பிள்ளையளைப் பாக்கிற வேலை செய்யிறன். கிழமைக்கொரு பிள்ளை இப்பிடி மாட்டும். தலை போன வழியால உடம்பையும் விடுவம். நீங்கள் அந்தப் பக்கம் போய் அழாமல் பாருங்கோ."

மாமா அந்தப் பக்கம் போய்ப் புதுக் கால்சட்டையோடு புழுதியில் முழங்காலிட்டார். தெரியாதவர்கள் முன்னால் தும்மவே கூச்சப்படும் மனிதர், தம்பியின் மூக்கோடு மூக்கு வைத்து, எங்கள் பக்கத்து வீட்டு நாயைப் போலக் குரைக்கத் தொடங்கினார். தம்பி அழுகையை நிறுத்தினான். இந்தப் பக்கத்திலிருந்து அக்காவும் குரைத்தார். தம்பி சிரித்தேவிட்டான். அந்தச் சிரிப்புக்குள் அக்கா அவனுடைய குளிர் ஜாக்கெட்டைக் கழற்றி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, மெல்லத் தள்ளினார். மீன்குஞ்சு மாதிரி வழுக்கிக்கொண்டு அவன் மாமாவின் கைக்குள் போய் விழுந்தான்.

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் அழுகை வந்தது. எங்கள் முறை போய்விட்டது, இன்றைக்கு இனி மேலே ஏற்றமாட்டார்களாம்.

வீட்டுக்கு வந்தால் பெரியம்மாவும் சித்தியும் வந்து குந்தியிருந்தார்கள். வடை பொரிந்துகொண்டிருந்தது. மாமா நேரே பேஸ்மென்டுக்கு இறங்கிவிட்டார். எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மண்டபத்தைப் பற்றிக் கேட்கத்தான் இவ்வளவு ஆவல் என்று நினைத்து, உத்தரத்திலிருந்து தொடங்கினேன். யாருக்கும் உத்தரம் வேண்டியிருக்கவில்லை.

"அந்த அக்கா என்ன செய்தவ? அதைச் சொல்லு," என்றார் அம்மா.

"முதல் மாமா குரைச்சவர்."

அம்மா தலையில் கைவைத்தார். "அவவுக்கு முன்னாலயோ?"

"ஓம். பேந்து அவவும் குரைச்சவ."

பெரியம்மா வடையைத் திருப்ப மறந்து நின்றார். போகும்போது அக்கா ஏதாவது சொன்னாரா என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அழாதேங்கோ பிள்ளை, அடுத்த முறை எல்லாரும் சேர்ந்து மேல ஏறிச் சக்கரம் பாப்பம் எண்டவ."

"அடுத்த முறை எண்டு அவவே சொன்னவவோ? வடிவா யோசிச்சுச் சொல்லு."

"ஓம் அம்மா. மாமாவைப் பாத்துத்தான் சொன்னவ."

அம்மா எழுந்து சாமியறைக்குப் போனார். விளக்கை ஏற்றிவிட்டு அங்கேயே நின்று அழுதார். எனக்கு ஒரே ஆச்சரியம். சக்கரத்தை நான் பார்க்காமல் வந்ததற்கு இவர் இவ்வளவு அழுவார் என்று நான் நினைக்கவேயில்லை. பக்கத்தில் போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதேங்கோ அம்மா," என்றேன். "அடுத்த முறை உங்களையும் கூட்டிக்கொண்டு போறம்."