தூக்குச்சட்டியில் கேட்ட குரல்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் கோவில்பட்டிக்கு வாருங்கள், அந்தத் தூக்குச்சட்டியை இன்னும் வைத்திருக்கிறேன். போன வருஷம் பங்குனி மாதம், என் வீட்டு அடுப்படியில், பட்டப்பகலில் நடந்தது இது. ராத்திரிதான் பேய் வரும் என்று எவன் சொன்னான்?

என் பெயர் பிரேமா. வீட்டிலேயே தேன்மெழுகில் மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன். தேன் எடுக்கிற கொம்பையா அண்ணாச்சி, விளாத்திகுளம் பக்கத்துப் பாழுங்கிணறுகளில் இறங்கிக் கூடு அறுப்பார். தேனை அவர் பிழிந்துகொண்டு, சக்கை அடையை எனக்குத் தருவார். அதை உருக்கி, பழைய வேட்டியில் வடிகட்டி, திரி போட்ட அச்சில் ஊற்றுவேன்.

அந்தத் தடவை ஒரு சர்ச்சில் நூறு மெழுகுவர்த்தி கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கொம்பையா கொண்டுவந்த அடை பாதிக்குத்தான் காணும்.

"இத அறுத்த கிணத்துல இன்னும் ரெண்டு கூடு இருக்கு. ஆனா படிக்கல்லு ஆடுது. கயிறு பிடிக்க ஆளு கிடைச்சாத்தான் எறங்குவேன்" என்றார். என் வீட்டுக்காரர் கண்ணபிரானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மறுநாள் காலையில் வீட்டுக்காரரிடம், "நூறு கேட்டவியளுக்கு அம்பதக் குடுக்கவா? ரெண்டு கிலோ மெழுகுக்கு வழி பண்ண முடியல, ஆம்பளைன்னு வேற இருக்கீய" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சட்டையை மாட்டினார்.

"வாரேன்."

அவ்வளவுதான். கோபம் வந்தால் கடம்பூரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். போனை அணைத்துவிட்டு மூன்று நாள் இருந்து, போளி வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். இதுவும் அப்படித்தான் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை. மதியம் 12:05. இருக்கிற அடையையாவது உருக்குவோம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். அகலச் சட்டியில் வெந்நீர். அதற்குள் தூக்குச்சட்டி, அதில் அடை.

12:11. உருகிவிட்டது. தேன் வாசனை வரவேண்டும். வந்தது பாசி வாசனை... கிணற்றுப் பாசி.

12:14. கரண்ட் இல்லை. மின்விசிறி ஓடவில்லை. ஆனால் கொடியில் தொங்கிய திரிகள் எல்லாம் அடுப்புப் பக்கமாகச் சாய்ந்து நின்றன.

ம்ம்ம்ம்...

தேனீ இரைகிற மாதிரி சத்தம். சுற்றிலும் ஒரு தேனீகூட இல்லை. சட்டிக்குள்ளிருந்து வந்தது.

குனிந்தேன். 12:17.

"பிரேமா..."

அவர் குரல். ஆழத்திலிருந்து, சுவரில் மோதி மோதி மேலே வந்தது.

'என்ன' என்று கேட்க வாயெடுத்தேன். உடனே கையால் பொத்திக்கொண்டேன். உச்சிநேரத்தில் ஆள் தெரியாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் பக்கம் பதில் சொல்லமாட்டோம். பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால்தான் மனுஷன்.

12:19.

"ஏட்டி... பிரேமா..."

குரல் தேய்ந்திருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

12:20...

12:25...

வரவில்லை.

அப்பாடா, பேய்தான் என்று நினைத்தேன்.

கீழே பார்த்தேன். அடுப்பு எரிகிறது. வெந்நீர் தளதளவென்று கொதிக்கிறது. நடுவில் மெழுகு மட்டும் கல்லாக உறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கொம்பையா அண்ணாச்சி வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஆடு மேய்க்கிற தங்கசாமி நேத்து சாயங்காலம் டீக்கடையில சொன்னாரும்மா. மத்தியானம் பன்னெண்டேகாலுக்கு அந்தக் கிணத்துக்குள்ள இருந்து பிரேமா, பிரேமான்னு ரெண்டு தடவ கேட்டுச்சாம். எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆளுகளக் கூட்டிட்டுப் போனேன்..."

படிக்கல் பெயர்ந்து என் வீட்டுக்காரர் விழுந்திருக்கிறார். கால் முறிந்து, முழங்கால் தண்ணீரில் மூன்று நாள் உயிரோடு கிடந்திருக்கிறார். பக்கத்தில் சாக்குப்பை, அதற்குள் அறுத்த கூடு இரண்டு. உயிர் போனது வியாழக்கிழமை மதியம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகவேண்டிய இடம். அந்தக் குரல் என் சட்டிக்குள் எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியாது. அந்த மெழுகு இன்றுவரை எந்தத் தீயிலும் உருகவில்லை.

கருமாதிக்குத் தங்கசாமி வந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் ஓரமாக நின்றார். நானே போய்க் கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி எட்டிப் பாக்கல?"

"மூணாவது தடவ கூப்பிடட்டும்னு நின்னேன், தாயி."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் அதற்குத்தான் நின்றேன்.