அப்பா போடாத முடிச்சு

பாய்மரப் படகில் ஸ்பின்னாக்கர் பிடிக்கிறவளாக நான் இரண்டு வருடம் இருந்தேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் ஒன்றும் புரியாது. கச்சிராயபாளையத்தில் கரும்பு புரியும், மரவள்ளி புரியும், கோமுகி அணையில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்பது புரியும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பின்னாக்கர் என்பது படகுக்கு முன்னால் பலூன் மாதிரி உப்பி நிற்கிற பெரிய பாய். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது மட்டும்தான் ஏற்றுவார்கள். துணி அவ்வளவு லேசு, சேலையைப் போலச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிடலாம். உச்சியை மரத்தில் ஏற்றிவிட்டால், கீழ் மூலைகள் இரண்டிலிருந்தும் இரண்டு கயிறுகள் படகின் இரு பக்கமும் கப்பி வழியாக ஆள் கைக்கு வரும். திடீரென்று காற்று முரடாகிப் படகு சாய ஆரம்பித்தால், ஒரு பக்கத்துக் கயிற்றை விட்டுவிட வேண்டும். கயிறு கப்பியை விட்டு முழுசாக உருவி ஓடும், பாய் கொடித்துணி போல முன்னால் படபடக்கும், படகு நிமிர்ந்துகொள்ளும். அதனால்தான் ஸ்பின்னாக்கர் கயிற்றின் முனையில் முடிச்சே போடக் கூடாது என்பார்கள். முடிச்சு இருந்தால் கப்பியில் சிக்கும். சிக்கினால் பாய் படகைக் கவிழ்க்காமல் விடாது.

இதை எனக்குச் சென்னையில் முதல் நாளே திட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏனென்றால் முதல் நாளே நான் இரண்டு முனையிலும் முடிச்சு போட்டு வைத்திருந்தேன்.

அது எங்கள் வீட்டுக் கைப்பழக்கம். அப்பா கரும்பு லோடு கட்டுகிறவர். டிராக்டர் பெட்டியில் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய கரும்பை, ஆலை போய்ச் சேரும்வரை ஒரு கட்டை கூடச் சரியாமல் கட்டுவது அவர் வேலை. எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஊரில் அவருக்கு இருந்த சொத்தெல்லாம் அந்தக் கட்டுதான். லோடு கட்டுகிற வீட்டில் கயிறு முனையில் முடிச்சில்லாமல் கிடக்காது. முனை மொட்டையாக இருந்தால் பிரி பிரியும், கையிலிருந்து நழுவும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவின் கயிறுகளுக்கு முனை முடிச்சு போடுவது என் வேலை. அப்பா எந்த முடிச்சைப் போட்டாலும் ஒரு வால் விட்டு வைப்பார். ஆலையில் இறக்குகிறவன் வாலை ஓர் இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இரட்டையாகச் சுற்றி இறுக்கிவிடுவேன். பல்லால் கடித்தாலும் அவிழாது.

சென்னையில் படகு ஓட்டுகிற நண்பர்கள் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது, "கரும்பு விவசாயம்" என்றேன். அதுதான் முதல் பொய். அதுவே வாய் கூசாமல் வந்தது.

கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன காலம் அது. சென்னைப் படகு கிளப்பில் தூக்கிப் போட இருந்த ஒரு சின்னப் படகின் ஸ்பின்னாக்கரைக் கேட்டு வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தேன். ஆரஞ்சும் வெள்ளையுமான துணி, நடுவில் ஒரு ஒட்டு. அப்பா அதை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பாராசூட்டா?" என்றார். அந்த வருடம் கோடை மழை நன்றாகப் பெய்து ஆடியிலும் அணையில் பாதிக்கு மேல் தண்ணீர். கல்வராயன் மலை இடுக்கிலிருந்து மேல்காற்று வந்து நேராக அணைக்கரையில் முட்டும். மலைப் பக்கம் போய்ப் பாயை ஏற்றிக் கரைக்கு ஓடி வர வேண்டும், அதை வீடியோ எடுத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். 'எங்கள் ஊர் அணை' என்று தலைப்புகூட யோசித்து வைத்திருந்தேன்.

படகு, அணையில் மீன் பிடிக்கிற மாமாவுடையது. உறவில்லை, அப்பாவும் அவரும் மச்சான் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள், அதனால் எனக்கு மாமா. அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. நீ துணிய வேற கட்டிக்கினு போறேன்ற."

"நான் இருக்கேன் மாமா. ரேஸே ஓட்டியிருக்கேன்."

"பொண்ணு ஆசப்படுது மச்சான்" என்றார் அப்பா. அதற்கு மேல் மாமாவால் மறுக்க முடியவில்லை.

நல்ல மூங்கில் ஒன்றை மரமாக நட்டோம். கப்பிகளைப் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் கட்டினேன். ஒரு பக்கத்துக் கயிறு எனக்கு, மறுபக்கத்துக் கயிறு கூட வருகிற அப்பாவுக்கு. கயிறுகளைக் கோத்தபோது, மாமாவிடம் ஸ்பின்னாக்கர் பெருமை பேசிக்கொண்டே, கை தன் பாட்டுக்கு இரண்டு முனையிலும் முடிச்சைப் போட்டுவிட்டது. புறப்படும் முன் ஞாபகம் வந்தது. என் பக்கத்து முடிச்சை நகத்தால் நோண்டி நோண்டி அவிழ்த்தேன். அப்பா பக்கத்தை அவிழ்க்கப் போவதற்குள் கரையில் யாரோ போனைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, இங்க பாருக்கா" என்று கத்தினார்கள். பார்த்தேன். சிரித்தேன். அந்த முடிச்சை மறந்தேன்.

லைஃப் ஜாக்கெட் ஒன்றுதான் இருந்தது. அதை நான் போட்டிருந்தேன்.

மலைப் பக்கம் துடுப்புப் போட்டுப் போய், படகைக் கரை நோக்கித் திருப்பிப் பாயை ஏற்றினோம். ஒரு கணம் துணி சுருண்டு கிடந்தது, அடுத்த கணம் பட்டென்று உப்பி நின்றது. மாமா, "அடி ஆத்தீ" என்றார். ஐம்பது வயதுக்கு மேல் ஆன மனிதர், அந்தத் தண்ணீரிலேயே பிழைக்கிறவர், அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தன் மகள் கட்டிய லோடு ஓடுகிறது என்பது போல ஒரு பார்வை. வாழ்க்கையில் அவர் முன்னால் நான் நிமிர்ந்து நின்ற நேரம் அதுதான், சில நிமிடம் இருக்கும்.

அணையின் நடுவில் வந்தபோது மலை இடுக்கிலிருந்து ஒரு காற்று வந்தது. தண்ணீர் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தேன். படகு பக்கவாட்டில் திரும்பிச் சாய்ந்தது.

"அப்பா, வுட்டுடு! வுட்டுடு!"

அப்பா உடனே விட்டார். தாமதிக்கவே இல்லை. கயிறு சரசரவென்று ஓடி, கப்பியில் 'டக்' என்று நின்றது. நான் என் கயிற்றை விடுவதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மூங்கில் முறிந்து மாமாவின் தோளில் விழுந்தது.

படகு கவிழ்ந்து கிடந்தது. பாய் தண்ணீருக்குள்ளும் இழுத்துக்கொண்டே இருந்தது. மாமாவை நான் பிடித்துக்கொள்ள, அப்பா முங்கிப் போய் அந்தக் கப்பியைத் தேடிப் பிடித்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். கையால் முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. எவ்வளவு நேரமோ தெரியவில்லை, கடைசியில் அவிழ்ந்தது. பரிசலில் வந்தவர்கள் எங்களைக் கரை சேர்த்தார்கள்.

கரையில் மாமாவின் மனைவி மார்பில் அடித்துக்கொண்டு நின்றார். அத்தை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மாமாவின் கை தோளிலிருந்து தொங்கியது. "எப்பிடிடீ ஆச்சி? நீதான ரேஸெல்லாம் வுட்டவ, எப்பிடிடீ ஆச்சி?" என்று அத்தை என்னைப் பிடித்து உலுக்கினார். சுற்றிலும் ஊர். கையில் போனோடு அதே ஆட்கள். நான் சொன்னேன்:

"அப்பா கயித்து முனையில முடிச்சு போட்டுட்டாரு அத்த. இதுல முடிச்சு போடவே கூடாது."

யோசித்துச் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யோசித்துத்தான் சொன்னேன். அரை விநாடி போதும் அதற்கு.

அப்பா என்னைப் பார்த்தார். வாயில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, அத்தையிடம் திரும்பி, "ஆமாம்மா. கைப்பழக்கம். போட்டுட்டேன்" என்றார்.

அதோடு முடியவில்லை. கவிழ்ந்த வீடியோ போன் போனாகச் சுற்றியது. அந்தப் பருவத்தில் அப்பா லோடு கட்டப் போன இடமெல்லாம், "பாத்துங்க, இதுலயும் முடிச்சப் போட்டுக் கவுத்துடப் போறீங்க" என்று கிண்டல். கிண்டல்தான், ஆனால் டிராக்டர்காரர் அடுத்த வாரம் வேறு ஆளைக் கூப்பிட்டார். ஊரில் அவருக்கு இருந்த ஒரே பேர் போயிற்று. அப்பா கரும்பு வெட்டப் போனார். விடியலில் மாமாவுக்குப் பதில் அணையில் வலை இழுத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் வெட்டப் போனார். மாமாவின் தோள் கூடிய பிறகும் கை மேலே எழவில்லை, அதனால் அப்பாவின் வலை வேலையும் நிற்கவில்லை. நான் சென்னைக்குத் திரும்பினேன். படகு பக்கம் மறுபடி போகவில்லை. போனில் அப்பாவிடம், "சாப்டியா?" என்பேன். "சாப்டேன்" என்பார். இப்படியே இரண்டு வருடம்.

போன பொங்கலுக்குக் கள்ளக்குறிச்சியில் அம்மாவுக்கு ஒரு பீரோ வாங்கினேன். குற்றமுள்ள நெஞ்சுக்குப் பீரோ வாங்கத் தோன்றும்போல. கடை வாசலில் குட்டியானை வண்டியில் அப்பாதான் கட்டினார். வீட்டு வாசலில் வண்டி நின்றதும், வண்டிக்காரர் தொங்கிய வாலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். மொத்தக் கட்டும் தொளதொளவென்று கீழே விழுந்தது.

"இன்னா கட்டுங்க இது! வெண்ணெ மாதிரி வுட்டுச்சி!"

நான் அப்பாவின் உதட்டைப் பார்த்தேன். ஓரத்தில் அந்தத் தழும்பு. என் முடிச்சு எப்படி இருக்கும் என்று அந்த மனிதரைத் தவிர யாருக்குத் தெரியும்? சின்ன வயதில் நான் போட்டதையெல்லாம் திட்டிக்கொண்டே அவிழ்த்தவர் அவர்தான். தண்ணீருக்குள் பல்லில் மாட்டிய அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான், கரையில் நின்று, நான் வாய் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பீரோவை உள்ளே வைத்துவிட்டு அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அன்னிக்கி அந்த முடிச்சப் போட்டது நான்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினு ஏம்ப்பா சும்மா இருந்த?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். அன்னிக்கி சொல்லுவ, மறுநாளு சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன். அப்புறம் நீ பஸ் ஏறிப் பூட்ட." சுருட்டிய கயிற்றை ஆணியில் மாட்டினார். "என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற இப்போ? எனக்குத்தான் தெரியுமே. சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லு."

கோபமில்லை குரலில். கோபம் இருந்திருந்தால் அழுது தப்பித்திருப்பேன்.

மாமா வீடு அணை போகிற வழியில். என்றைக்கும் பத்து நிமிடத்தில் நடக்கிற தூரத்தை அன்றைக்கு நடந்து முடிக்க வெகு நேரம் பிடித்தது. பாதியில் கடையில் நின்று எனக்குத் தேவையில்லாத சோப்பு ஒன்று வாங்கினேன். மாமா வாசலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் வலையில் மீன் செதிலை உதறிக்கொண்டிருந்தார். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உட்காராமலே சொல்லிவிட்டேன். முடிச்சு என்னுடையது, அப்பாவுடையது இல்லை, அன்றைக்குச் சொன்னது பொய். மூன்று வாக்கியம். அதற்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மாமா வலையைப் பார்த்தபடியே இருந்தார். "எனுக்கு அப்பவே சந்தேகந்தான். மச்சான் முடிச்சுன்னா ஓர் இழுப்புல அவுந்துடும்" என்று மட்டும் சொன்னார்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில், தினமும் அப்பா வலையைப் போட்டுவிட்டுப் போகிற இடத்தைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா வெடிகாலைல வந்துக்கினு கீறாரு அந்த மனுசன். ஒரு நாளு உள்ள வாங்கன்னு நான் சொன்னதில்ல. ஒரு டம்ளர் டீத்தண்ணி குடுத்ததில்ல. வேணும்னுதான் குடுக்கல. நீங்கதான எங்கூட்டுக்காரரு கையக் கெடுத்தீங்கன்னு ஒரு நாளு மூஞ்சிக்கு நேராக் கேட்டேன். அதுக்கும் ஆமாம்மான்னாரு." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "அப்ப ஒங்கப்பா தெனம் வந்து வலை இழுத்தது யாருக்குடீ?"

பதில் எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.