சூரியனோடு நகரும் கட்டம்

கனகமாலா முதலில் ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்க்கிறார். பிறகுதான் ஃபோனைப் பார்க்கிறார். கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. மோதிர விரலால் அதைத் திறந்து, நேரத்தை வாய்விட்டுப் படித்து, 'இல்லை' என்பதை அழுத்துகிறார். கட்டைவிரலால் அவர் ஃபோனைத் தொடுவதில்லை. அது பட்டைத் தடவிப் பார்க்கும் விரல். கண்ணாடியில் தேய்த்து அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை.

பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தம் ஓயாத தெருவில், ஒரு மாடி அறை. இணையத்தில் பட்டுச்சேலை விற்கும் சென்னை நிறுவனம் ஒன்றின் காஞ்சிபுரம் கிளை அது. நெசவாளர்கள் கொண்டுவரும் சேலைகளைச் சரிபார்ப்பது கனகமாலாவின் வேலை. உடலும் கரையும் சேருகிற கோர்வையில் கட்டைவிரலை ஓட்டுவார். எங்காவது ஓர் இழை தட்டினால் விரல் நின்றுவிடும். சேலையைக் கொண்டுவந்தவரே "எங்கேம்மா, காட்டு" என்று குனிவார்.

அழைப்புகளையும் சேலையைப் போலத்தான் பார்க்கிறார். ஒன்றைக்கூடப் பதில் சொல்லாமல் விட்டதில்லை. ஆண்டு விழா, தீயணைப்புப் பயிற்சி, தவறுதலாக இவருக்கும் வந்துவிட்ட கோயம்புத்தூர் கிளையின் பிறந்தநாள் கேக், எல்லாவற்றுக்கும் அன்றைக்கே பதில் போயிருக்கிறது. 'ஒருவேளை' என்ற பொத்தானை மட்டும் அவர் தொட்டதே இல்லை. "வருவியா, வரமாட்டியா, அத சொல்லிட்டுப் போ. ஒருவேளைன்னா அவன் எத்தினி டீ போடுவான்?" என்பார்.

அவருடைய ஃபோன் நாட்காட்டியில் தினமும் மாலையில் ஒரு பச்சைக் கட்டம் உண்டு. அதற்குப் பெயர் எழுதியிருக்காது. ஐப்பசியில் அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வரும். தை பிறந்தால் பின்னால் போகும். கனகமாலா சமணர், வீடு முசரவாக்கத்தில். பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கம் அவர் வீட்டில் இல்லை. கூரியர் வண்டி ஐந்து மணிக்குப் போகும்வரை அலுவலகத்தில் தலை நிமிர முடியாது. அது போனபின், சூரியன் இறங்குவதற்குள், டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். தவறினால் மறுநாள் காலைவரை தண்ணீர்தான். அந்த இடைவெளிதான் பச்சைக் கட்டம்.

சென்ற ஐப்பசியில் சென்னைக்குப் புதிய மேலாளராக வந்த சத்யப்ரியா, தினசரிக் கூட்டத்தைச் சரியாக அந்தக் கட்டத்தின் மேல் வைத்தார். கூரியர் போன நேரம், எல்லாரும் சும்மாதானே இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. கனகமாலா 'இல்லை' என்று பதில் போட்டு, அதற்குக் கீழே வேறொரு நேரத்தையும் சொன்னார். காரணம் எழுதவில்லை. அடுத்தவர் நேரத்தில் தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் கேட்கக் கூடாது என்று நினைப்பவர் ஆதலால், அவர் சொன்ன நேரம், பொழுது சாய்ந்த மறு நிமிடம், சூரியனோடு தினமும் நகர்ந்தது. சென்னையில் அதைச் செயலியின் கோளாறு என்று முடிவு செய்தார்கள். அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார்கள். அவரும் அப்படியே செய்தார். மறுநாள் வந்த நேரம் இன்னும் ஒரு நிமிடம் முன்னால் இருந்தது.

பேக்கிங் வேலை பார்க்கும் ஜாஹிர்தான் அவருக்குச் சூரியன் இறங்கும் நிமிடத்தைச் சொல்கிறவர். அவர் ஃபோனில் தொழுகை நேரம் காட்டும் செயலி இருக்கிறது.

"டாக்டர் அப்பாயின்ட்மென்ட்னு போட்டுடுக்கா. எவனும் கேக்க மாட்டான்."

"தினம் தினமா? நான் என்ன சாகக் கெடக்குறேனா? பொய் சொல்லிட்டுச் சாப்புட்டா உள்ள எறங்காதுப்பா."

"அப்ப உள்ளதச் சொல்லிடு."

"நான் எப்பச் சாப்புடுறேன்னு ஆபீசுக்கு எதுக்குச் சொல்லணும்? அது என் வீட்டு விஷயம்."

"நல்லா இருக்குது போ. நோன்பு மாசத்துல இந்த நிமிஷம் எப்ப வரும்னு நான் பார்த்துக்கினு இருப்பேன். நீ வருஷம் பூரா அதப் பார்த்து ஓடிக்கினு இருக்கே."

கிளை இன்சார்ஜ் பதவி அப்போது காலியாக இருந்தது. கனகமாலாவுக்கு அது வேண்டும். வேண்டாம் என்று பாசாங்கு செய்கிறவர் அல்ல அவர். ஒருநாள் சத்யப்ரியாவே கூப்பிட்டார்.

"உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன், கனகமாலா. ஆனா டெய்லி கால்ல ஒருநாள்கூட வராதவங்கள எப்படி இன்சார்ஜ் போடறது? நாளைக்குப் பெரியவங்களும் கால்ல இருப்பாங்க. நாளைக்கும் இல்லைன்னா, இங்கேருந்து வேற ஆள் வந்துடுவாங்க."

அன்று முதல் முறையாக 'ஆம்' என்று அழுத்தினார்.

மறுநாள் பார்த்துக் கூரியர் வண்டி தாமதம். அது கிளம்பும்போதே கூட்டம் தொடங்கிவிட்டது. கனகமாலா கேமராவை அணைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். டப்பாவையும் திறந்தார்.

"கனகமாலா, கேமரா ஆன் பண்ணுங்க. எல்லாரும் உங்களப் பார்க்கணும்ல."

ஒரு கணம் டப்பாவைப் பார்த்தார். அதை ஒளித்து வைக்கவில்லை. சேலைப் பெட்டிகளின் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்து, மோதிர விரலால் கேமராவைத் திறந்தார். சென்னைக்குத் தயிர்சோறும் வாழைக்காய் வறுவலும் பாதி வழியில் நின்ற ஒரு கையும் தெரிந்தன.

சத்யப்ரியாதான் கேட்டார்: "சாப்பிட்டு வர்றீங்களா? நாங்க வெயிட் பண்றோம்."

"வேணாம் மேடம், கேளுங்க. எங்க வீட்டுல பொழுது சாஞ்சா சாப்புடுறதில்ல. அதுக்குத்தான் இந்த நேரத்துக்கு நான் வர்றதில்ல."

கேட்டார்கள். திருப்பி அனுப்பிய சேலைகள் எத்தனை, ஏன் திருப்பினீர்கள், தீபாவளிக்குப் பிறகு சரக்கு ஏன் குறைந்தது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கவளம் நஷ்டமானது. ஜன்னலோரம் நின்றிருந்த ஜாஹிர், நேரமாகிவிட்டது என்று கையைத் தூக்கினார். டப்பாவில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. கனகமாலா மூடியை அழுத்தி மூடினார். அதற்குப் பிறகுதான் தெருமுனைப் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ஃபோன் வழியாகச் சென்னைக்கும் போனது.

"இப்பக் கேளுங்க மேடம்," என்றார் கையைத் துடைத்துக்கொண்டு. "காலைல வரைக்கும் நான் ஃப்ரீதான்."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஜாஹிர் மட்டும் பெட்டிகளுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

மறுநாள் மதியம் ஓர் அழைப்பு வந்தது. தினமும் மாலை ஆறு மணிக்கு, கிளை இன்சார்ஜ்களுக்கு மட்டும். தோளுக்கு மேலிருந்து ஜாஹிர்தான் முதலில் படித்தார்.

"அக்கா! நீ இன்சார்ஜ் ஆயிட்டே! சாயங்காலம் ஸ்வீட் வாங்கியாரட்டா?"

"வண்டி போனதும் வாங்கினு வா. லேட்டாச்சுன்னா நீயேதான் துன்னணும்."

கனகமாலா நேரத்தை வாய்விட்டுப் படித்தார். 'ஆம்' என்று அழுத்தினார். பிறகு அடுத்த நாளின் பச்சைக் கட்டத்தைத் திறந்து, மோதிர விரலால் அதை ஒரு நிமிடம் முன்னால் நகர்த்தி வைத்தார்.