முன் பெஞ்சில் ஓர் இடம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களே, நண்பர்களே, அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் செய்த தப்பைச் சொல்லாமல் ஒரு வரிகூட ஓடவில்லை.

அண்ணன் பிறந்தது அருமனையில். எங்கள் அப்பா சீக்கிரமே போய்விட்டதால், அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனார். என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். மதினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு, ஒற்றை மகளைத் தனியாளாக வளர்த்தார்.

பால் வெட்டுகிறவருக்கு மழை பெய்தால்தான் லீவு. மற்ற நாளில் மரப்பட்டையைச் சீவி வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து முடிக்க மத்தியானமாகும். அதனால் அண்ணன் மழை நாளில்தான் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போவார். வானம் இருண்டால் வகுப்பு டீச்சர் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு வைப்பாராம். அண்ணன் மார்க்கை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப மாட்டார். அம்மாவை நினைத்துப் பிள்ளை அழுவதையும், சாப்பிடும்போதுகூடப் போனைக் கீழே வைக்காததையும் மறைக்காமல் சொல்வார். டீச்சர் சொன்னதை அன்று சாயங்காலமே செய்வார். ரப்பர் ஷீட்டைக் காயப் போடும்போது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். பாதி அவருக்குப் புரியாது. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு தடவை டீச்சர் அவளைத் திட்டிவிட்டார் என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு பேசினேன். அண்ணன் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

“பிள்ளைக்க முன்னால டீச்சரை ஒரு சொல்லு சொல்லப்பிடாது, கேட்டியா? கேக்கணும்னா அங்க போயிக் கேப்போம்.”

இந்த வருஷம் பத்தாம் வகுப்புக் காலாண்டில் மகள் கணக்கில் தோற்றாள். டீச்சர் வரச் சொல்லி அனுப்பினார். மழைக்குக் காத்திருக்க அண்ணனுக்கு மனசு வரவில்லை. வழக்கத்தைவிட முந்தியே வெட்டி முடித்து, வெறும் வயிற்றோடு சைக்கிளை மிதித்துப் போனார். பேசி முடித்து எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்தன்று பெட்டியின் மேல் விழுந்து எல்லாரும்தான் அழுதோம். ஆனால் நான் சொல்லி அழுதது இது: “அந்தப் பள்ளிக்கூடமில்லா எங்க அண்ணனைக் கொன்னுது!” மகள் பக்கத்தில்தான் நின்றாள். யாரும் என் வாயைப் பொத்தவில்லை.

மறுவாரம் அவள் சீருடையை மடித்து அலமாரியின் அடியில் வைத்துவிட்டாள். அண்ணன் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். “எனக்காகத்தானே அப்பா அங்க போனாவ” என்று ஒரே ஒரு முறை சொன்னாள். இப்போது அதையும் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் போகச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன், கைகூட ஓங்கிவிட்டேன். அடக்கத்துக்கு வந்து, லீவு முடிந்து திரும்பிப் போன மதினி போனில் அழுகிறார். பொதுத் தேர்வு நெருங்குகிறது. கர்த்தாவே, இந்த நாக்கை நான் எங்கே கொண்டு வைப்பேன்?

அண்ணனை ஆட்டோவில் மடியில் தாங்கிப் போனவர் அந்த டீச்சர்தான். என் சொல்லைக் கேட்டும் அடக்கம் முடியும்வரை எல்லாருக்கும் பின்னால் நின்றார். அவருக்கும், பந்தல் போட்டு, சோறு பொங்கி எங்களைத் தாங்கிய சபையாருக்கும், தோட்டத்து வேலையாட்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். “அன்னைக்கு அங்க போகாம இருந்தா” என்று பிள்ளை காதுபடப் பேசாதீர்கள். நான் பேசியதே போதும்.

போன வாரம் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். மகளுக்கு முன் பெஞ்சில் ஓர் இடம் வேண்டும், அதுதான் அண்ணன் கடைசியாகக் கேட்டதாம். அந்த இடத்தில் இன்றுவரை யாரையும் உட்கார விடவில்லையாம்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அண்ணன் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். “மக்களே, மாமி அன்னைக்குச் சொன்னது பொய்” என்றேன். அவள் தாளை வாங்கி, முன் பெஞ்சு என்று இருந்த வரியில் விரலை வைத்தாள்.

“அப்பா எதுக்கு மாமி முன் பெஞ்சு கேட்டாவ?”

“அங்க போயிக் கேப்போம்” என்றேன். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமைக்குச் சீருடையைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

கண்ணீருடன்,
தங்கை