குரல் இல்லாமல் போன பாட்டு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் நான். கொட்டச்சேட்டில், வீட்டின் பின்னறையில் கம்ப்யூட்டரும் ஹெட்போனும் வைத்துப் பாடல்களை மிக்ஸிங் செய்து தருகிறேன்.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஸ்டெல்லா அக்கா, மாதா கோயில் திருவிழாவில் போடுவதற்கென்று தன் முதல் பாட்டை என்னிடம் பாடிப் பதிவு செய்தார். குரல் அகலமாக ஒலிக்கட்டுமே என்று, அதன் வலப்பக்க ஒலியலையை மட்டும், மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறும்படி, தலைகீழாகத் திருப்பினேன். ஹெட்போனில் பிரமாதமாக இருந்தது. திருவிழாவுக்கு முந்தின நாள் அவருக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"ஏங்கண்ணு, மேளம் கேக்குது, வயலின் கேக்குது. நான் எங்க போயிட்டேன்? பாடுனியா, வாயசைச்சியான்னு கூடப் பழம் பறிக்கற இவளுங்க சிரிக்கறாளுங்க."

"உங்க போன் நொம்பப் பழசுங்க்கா."

"நீ பேசறது மட்டும் நல்லாத்தான கேக்குது, சாமி?"

ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் போனில் போட்டேன். குரலே இல்லை! ஒரே ஸ்பீக்கரில் இரண்டு பக்க ஒலியும் சேர்ந்ததும், நேரும் தலைகீழுமாக இருந்த குரல் ஒன்றையொன்று அழித்துவிட்டது. கோயிலில் கட்டும் குழாய் ஸ்பீக்கரிலும் இதேதான் நடந்திருக்கும். அக்காவின் குரலைக் கேட்கவே செம்மநத்தத்திலிருந்து சொந்தக்காரர்கள் வருவதாக இருந்தது.

அன்றே திருத்திக் கொடுத்தேன். மறுநாள் அந்தப் பாட்டு ஒலித்தபோது, சிரித்த பெண்களே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போதெல்லாம் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்காமல் எதையும் அனுப்புவதில்லை. பாடியவர் குரல் கேட்கவில்லை என்று சொன்னால், போனைக் குறை சொல்வதும் இல்லை. அன்று அக்கா கூச்சப்பட்டுச் சும்மா இருந்திருந்தால், ஊர் அவரைத்தான் கேலி செய்திருக்கும், என்னை அல்ல. கூப்பிட்டுக் கேட்டீர்களே, அதற்கு என்றும் நன்றி அக்கா.